பழைய துணி எப்படிக் கடல் கடக்கிறது? பேல் வியாபாரத்தின் உள்விவரம்

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் துணி மலைமலையாகக் குவிந்து கிடக்கும் படங்கள் 2021-ல் உலகம் முழுக்கச் சுற்றின. கானாவின் தலைநகர் அக்ராவில், அலை ஒதுக்கிய துணிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கடற்கரை மணலில் புதைந்து கிடக்கும் படங்களும் அடிக்கடி வருகின்றன. பார்ப்பவர்களுக்கு எழும் கேள்வி ஒன்றுதான். லண்டனிலோ நியூயார்க்கிலோ யாரோ ஏழைகளுக்கென்று கொடுத்த துணி இங்கே எப்படி வந்து சேர்ந்தது?

இதற்கு இரண்டு பதில்கள் உலவுகின்றன. பணக்கார நாடுகள் தங்கள் குப்பையை ஏழை நாடுகளில் கொட்டுகின்றன என்பது ஒன்று. எளியவர்களுக்கு மலிவாக நல்ல உடை கிடைக்கிறது, லட்சக்கணக்கானவர்கள் பிழைக்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே இந்த வியாபாரம் நடக்கும் விதத்தைச் சொல்வதில்லை. கப்பல் கூலி, சுங்க வரி, வட்டிக்கடன் எல்லாம் சேர்ந்து நடக்கும் முழு இறக்குமதி வணிகம் இது. கானாவில் இறங்கும் ஒவ்வொரு பேலுக்கும், அதாவது அழுத்திக் கட்டிய துணிப்பொதிக்கும், அங்கே ஒருவர் காசு கொடுத்திருக்கிறார். காசு கொடுத்து வாங்கிய சரக்கு கடற்கரையில் குப்பையாவது எப்படி என்பதுதான் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

சுங்கத் துறையின் கண்ணில் பழைய துணி

உலக நாடுகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே எண்வரிசைப் பட்டியலை வைத்துத்தான் சரக்குகளை அடையாளம் காண்கின்றன. அதில் 6309 என்ற எண் உடுத்திய ஆடைகளுக்கும், பயன்படுத்திய போர்வை, திரைச்சீலை போன்றவற்றுக்கும் உரியது. அடுத்த எண்ணான 6310 கந்தலுக்கு. கிழிசல், வெட்டுத்துண்டு, நாராகப் பிரிக்கவோ எண்ணெய் துடைக்கவோ மட்டும் உதவும் துணி எல்லாம் அதில் வரும்.

ஒரு சரக்கு 6309-க்குள் வர இரண்டு நிபந்தனைகள் உண்டு. பார்த்தாலே தெரியும் அளவுக்கு உடுத்தித் தேய்ந்ததாக இருக்க வேண்டும். மொத்தமாக, மூட்டையாகவோ பேலாகவோ வர வேண்டும். அவ்வளவுதான். கறை இருக்கலாமா, ஜிப் போயிருக்கலாமா, போகிற நாட்டின் வெயிலுக்கு அந்தத் துணி பொருந்துமா என்பது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. புத்தம் புதுசு போலிருக்கும் ஜீன்ஸும், அக்குள் பகுதி மஞ்சளித்துப்போன டி-ஷர்ட்டும் ஒரே எண்ணில், ஒரே காகிதத்தில் எல்லை தாண்டும். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இந்த வணிகத்தின் மதிப்பு உலக அளவில் ஆண்டுக்கு சுமார் 500 கோடி டாலர். அமெரிக்கா, சீனா, பிரிட்டன், ஜெர்மனி ஆகியவை ஏற்றுமதியில் முன்னணியில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பழைய துணி 2000-ல் ஏறக்குறைய 5.5 லட்சம் டன். 2019-ல் அது 17 லட்சம் டன்னைத் தொட்டுவிட்டது. ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்கு இது.

கொடுத்த கையிலிருந்து சந்தை வரை

1. சேகரிப்பு. மேலை நாடுகளில் தெருமுனையில் பெட்டி இருக்கும், தொண்டு நிறுவனங்களின் கடைகள் இருக்கும். மக்கள் துணியை இலவசமாகப் போடுகிறார்கள். சரக்கு விலை பூஜ்யம். ஆனால் பெட்டி வைப்பதற்கும் வண்டி அனுப்பி எடுத்துவருவதற்கும் செலவு உண்டு.

2. முதல் பொறுக்கல். தொண்டு நிறுவனங்கள் நல்லதைத் தங்கள் கடைகளில் தொங்கவிடுகின்றன. உள்ளூரிலேயே விற்பது வந்ததில் சிறு பகுதிதான். மிச்சத்தைத் துணி வியாபாரிகளுக்கு டன் கணக்கில் விற்றுவிடுகின்றன. தானம் வியாபாரமாகும் இடம் இது. இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. அந்தப் பணம்தான் பல தொண்டு நிறுவனங்களின் மருத்துவமனைக்கோ தங்கும் விடுதிக்கோ போகிறது. போட்டவர்களில் பலருக்கு இது தெரியாது என்பதுதான் குறை.

3. தரம்பிரிப்பு. பிரிக்காத சரக்குக்கு இந்தத் தொழிலில் 'ஒரிஜினல்' என்று பெயர். அதை வாங்கும் ஆலையில் துணி கன்வேயர் பெல்ட்டில் ஓடிவரும். ஒவ்வொரு உருப்படிக்கும் தொழிலாளிக்குக் கிடைப்பது சில விநாடி. கை துணியின் ரகத்தைச் சொல்ல வேண்டும், கண் பிராண்டையும் கறையையும் பிடிக்க வேண்டும். ஆண்கள் ஜீன்ஸ், பெண்கள் பருத்தி மேல்சட்டை, குழந்தைகள் கலவை, திரைச்சீலை என்று பெரிய ஆலைகளில் பிரிவுகள் நூற்றுக்கணக்கில் போகும். மிக நல்லது 'கிரீம்'. வெப்ப நாடுகளுக்கான மெல்லிய துணி 'டிராபிகல் மிக்ஸ்'. கடைசியில் மிஞ்சுவது கந்தல்.

4. பேல் கட்டுதல். பிரித்ததை இயந்திரத்தில் அழுத்தி, பிளாஸ்டிக் உறை போட்டு, பட்டை கட்டுகிறார்கள். 45 கிலோ, 55 கிலோ ஆகியவை பரவலான அளவுகள். நாற்பது அடி கன்டெய்னர் ஒன்றில் 45 கிலோ பேல்கள் சுமார் 550 ஏறும்.

5. கப்பல். ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சரக்கோடு போகும் கன்டெய்னர்களில் பல திரும்பும்போது காலி. காலியாகத் திரும்புவதைவிடக் குறைந்த கூலிக்கு எதையாவது ஏற்றிவருவது கப்பல் கம்பெனிக்கு லாபம். அதனால்தான் கனடாவில் கழற்றிப்போட்ட சட்டை குஜராத்துக்கோ கராச்சிக்கோ ஷார்ஜாவுக்கோ வந்து, அங்கே குறைந்த கூலியில் பிரிக்கப்பட்டு, மறுபடி கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போவது கட்டுப்படியாகிறது.

6. இறக்குமதியாளரும் மொத்த வியாபாரியும். துறைமுகத்தில் வரி கட்டி கன்டெய்னரை எடுப்பவர் ஒருவர். அவரிடம் பேல் பேலாக வாங்கிக் கடனுக்கோ ரொக்கத்துக்கோ விற்பவர்கள் அடுத்த கட்டம்.

7. சந்தை வியாபாரி. ஒரு பேல், இரண்டு பேல் என்று வாங்கி, அவிழ்த்து, ஒவ்வொன்றாக விற்பவர்.

எடையில் வாங்கி, எண்ணிக்கையில் விற்பவர்

மேலே சொன்ன ஏழு படிகளில் கடைசியைக் கவனியுங்கள். பெட்டியிலிருந்து துறைமுகம் வரை துணி கைமாறுவது கிலோ கணக்கிலோ டன் கணக்கிலோ பேல் கணக்கிலோதான். கிலோவுக்கு விற்பவருக்கு ஒரு கிழிந்த சட்டையும் கால் கிலோ, ஒரு நல்ல சட்டையும் கால் கிலோ. சந்தையில் கடை போட்டிருப்பவர் மட்டும்தான் உருப்படி உருப்படியாக விற்கிறார். கறை படிந்த சட்டையை யாரும் வாங்காவிட்டால் நஷ்டம் அவருக்கு. அவருக்கு முன்னால் இருந்த எல்லோரும் அதே சட்டையின் எடைக்குக் காசு வாங்கிவிட்டார்கள்.

அக்ராவின் கான்டமான்டோ சந்தையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். சுமார் 30,000 பேர் பிழைப்பு நடத்தும் இடம். மொத்த வியாபாரியின் கிடங்கிலிருந்து பேலைச் சுமந்து வருபவர்கள் பெரும்பாலும் கானாவின் வடபகுதியிலிருந்து வேலை தேடி வந்த இளம்பெண்கள். அவர்களுக்கு அங்கே 'காயாயே' என்று பெயர். 55 கிலோ பேலைத் தலையில் வைத்து, ஆள் ஒதுங்க இடமில்லாத சந்துகளில் நடக்கிறார்கள். கழுத்தும் முதுகெலும்பும் பாதிக்கப்படும் வேலை இது. சுமப்பவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பேலின் மேல் எழுதியிருப்பது ரகமும் ஏற்றுமதியாளர் பெயரும் மட்டும். தர்பூசணியைத் தட்டிப் பார்க்கும் வாய்ப்புகூடக் கிடையாது. காசு கொடுத்த பிறகுதான் பட்டையை அறுக்க முடியும்.

பட்டை அறுந்ததும் வியாபாரி ஒவ்வொன்றாக உதறிப் பார்த்து முதல் ரகம், இரண்டாம் ரகம், மூன்றாம் ரகம் என்று பிரித்துவைக்கிறார். மொத்தப் பேலுக்குப் போட்ட காசை எடுத்துத்தர வேண்டியது பெரும்பாலும் முதல் ரகம்தான். அது போதுமான அளவு இருந்தால் பிழைத்தார். வெப்ப நாட்டுக்கு வந்த பேலில் தடித்த குளிர்கால மேலங்கிகள் நிறைந்திருந்தால், அல்லது அடியில் கறைத்துணி அடைத்திருந்தால், அடுத்த பேல் வாங்கவே கடன் வாங்க வேண்டும். திருப்பி அனுப்ப வழியில்லை, புகார் சொல்ல ஆளில்லை. அனுப்பியவர் ஒரு கண்டத்துக்கு அப்பால் இருக்கிறார்.

நைரோபியின் கிகோம்பா சந்தையிலும் இதே கதைதான், கொஞ்சம் வேறு வடிவில். விடிவதற்கு முன்பே பேல் பிரிப்பதைச் சுற்றி வியாபாரிகள் கூடி நிற்பார்கள். மேல்தரமான உருப்படிகளுக்கு அங்கே 'கேமரா' என்று பெயர். அதைக் கொத்திக்கொள்ளப் போட்டி கடுமையாக இருக்கும். நகரத்தின் நவநாகரிக உடைக் கடைகளுக்கு அது போகும். மிச்சம் நாள் முழுக்க விலை இறங்கி இறங்கி, சாயங்காலம் குவியலாக அள்ளிக்கொடுக்கும் நிலைக்கு வரும்.

என் பார்வையில் இந்த வியாபாரத்தின் பெரிய அநியாயம் இங்கேதான் இருக்கிறது. பழைய துணியை விற்பதில் தவறில்லை, வாங்கி உடுத்துவதிலும் இழிவில்லை. ஆனால் சரக்கின் தரம் பற்றிய தகவல் முழுவதும் மேலே இருப்பவர் கையிலும், அந்தத் தரம் கெட்டால் வரும் நஷ்டம் முழுவதும் கீழே இருப்பவர் தலையிலும் இருக்கும்படி இந்தச் சங்கிலி அமைந்திருக்கிறது. சங்கிலியிலேயே கையில் காசு குறைந்தவர் அவர்தான்.

இந்தச் சந்தை சும்மா விற்கும் இடம் மட்டுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கான்டமான்டோவுக்குள் தையல்காரர்கள், சாயம் போடுபவர்கள், இஸ்திரி போடுபவர்கள் என்று தனித்தனிப் பகுதிகளே இருக்கின்றன. அமெரிக்க அளவில் தைத்த பெரிய சட்டையைப் பிரித்து உள்ளூர் உடம்புக்குப் பொருந்தும்படி தைப்பது, வெளுத்த ஜீன்ஸுக்கு மறுபடி சாயம் ஏற்றுவது எல்லாம் அங்கே அன்றாட வேலை. மறுபயன்பாடு பற்றி மேலை நாட்டு பிராண்டுகள் விளம்பரத்தில் பேசுவதை இவர்கள் கையால் செய்கிறார்கள். 2025 ஜனவரி முதல் வாரத்தில் நடந்த தீ விபத்து இந்தச் சந்தையின் பெரும்பகுதியை எரித்துவிட்டது. காப்பீடு என்ற பேச்சே இல்லாத ஆயிரக்கணக்கான வியாபாரிகளின் முதல் அதில் போயிற்று. அவர்கள் மறுபடி கட்டை நட்டு, கூரை போட்டு வியாபாரத்துக்கு வந்தார்கள்.

தரம் ஏன் இறங்குகிறது?

முப்பது வருடத்துக்கு முன்பு வந்த துணி வேறு, இப்போது வருவது வேறு என்று வியாபாரிகள் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, துணியே மாறிவிட்டது. உலகில் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கு மேல் இன்று பாலியஸ்டர். மெல்லிய கலப்புத் துணியில் மலிவாகத் தைத்த சட்டை முதல் ஆளிடமே களைத்துவிடுகிறது. இரண்டாவது ஆளுக்கு அதில் மிச்சம் ஒன்றுமில்லை. பருத்தியும் கம்பளியும் என்றால் கந்தலானாலும் நார் பிரித்து நூலாக்கலாம். பருத்தி, பாலியஸ்டர், எலாஸ்டேன் மூன்றும் கலந்ததைப் பிரிப்பதற்குப் பெரிய அளவில் ஓடும் தொழில்நுட்பம் இன்னும் பரவவில்லை.

இரண்டாவது, நல்லது வீட்டைவிட்டு வெளியே வருவதே குறைந்துவிட்டது. பிராண்ட் உடைகளை மக்களே செல்போன் செயலிகளில் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்கிறார்கள். பெட்டிக்கு வருவது அதற்கும் உதவாதது. அங்கும் தொண்டுக் கடை ஒருமுறை பொறுக்குகிறது, தரம்பிரிப்பு ஆலை ஒருமுறை பொறுக்கி மேல்தரத்தைக் கிழக்கு ஐரோப்பாவின் கடைகளுக்கு விற்கிறது. மூன்று சல்லடை தாண்டி மிஞ்சியது ஆப்பிரிக்க பேலில் ஏறுகிறது.

நம் நாட்டின் பங்கு: காண்ட்லாவும் பானிப்பட்டும்

இந்தியாவில் உரிமம் இல்லாமல் பழைய உடைகளை இறக்குமதி செய்து உள்ளூர்ச் சந்தையில் விற்க முடியாது. உள்ளூர் ஜவுளித் தொழிலைக் காக்க இந்தக் கட்டுப்பாடு. ஆனாலும் உலக அளவில் இந்தச் சரக்கு அதிகம் புழங்கும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. இரண்டு வாசல்கள் திறந்திருப்பதால் இது நடக்கிறது.

ஒன்று, குஜராத்தின் காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலம். 1965-ல் ஆசியாவின் முதல் ஏற்றுமதி மண்டலமாகத் தொடங்கியது. இங்குள்ள ஆலைகள் பிரிக்காத சரக்கை வரியில்லாமல் இறக்கி, பிரித்து, பேல் கட்டி ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகின்றன. பிரிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இந்தியச் சட்டப்படி அந்தத் துணி இந்தியாவுக்குள் 'வரவே இல்லை'. கராச்சியிலும் இப்படி ஒரு மண்டலம் உண்டு. ஐரோப்பாவிலிருந்து 2019-ல் போன பழைய துணியில் 46 சதவீதம் ஆப்பிரிக்காவுக்கும் 41 சதவீதம் ஆசியாவுக்கும் போயிற்று. ஆசியாவுக்கு வந்ததில் பெரும்பகுதி இத்தகைய மண்டலங்களுக்கு வந்து, மறுபடி வெளியே போனதுதான். ஆகவே 'இன்ன நாட்டுக்கு இவ்வளவு ஏற்றுமதி' என்று செய்திகளில் வரும் எண்ணைப் படிக்கும்போது, அது கடைசி ஊர் எது என்பதைச் சொல்வதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, ஹரியானாவின் பானிப்பட். இங்கே வருவது 6310, கந்தல். மறுபடி உடையாக விற்கக் கூடாது என்பதற்காக வெட்டி, கிழித்துக் கொண்டுவர வேண்டும். பெண்கள் தரையில் உட்கார்ந்து, நிலைக்கத்தியில் ஸ்வெட்டரின் தையலைப் பிரிக்கிறார்கள். பொத்தான், ஜிப், லேபிள், உள்துணி எல்லாம் தனித்தனிக் குவியலாகப் போகும். பிறகு துணியை நிறவாரியாக அடுக்குகிறார்கள். சிவப்பு தனி, நீலம் தனி, கறுப்பு தனி. அப்படி அடுக்கிவிட்டால் நூலுக்கு மறுபடி சாயம் போடும் செலவும் தண்ணீரும் மிச்சம். பல்லுருளை இயந்திரத்தில் துணி நாராகப் பிய்ந்து, நூலாகி, கம்பளியாக நெய்யப்படுகிறது. பழைய கம்பளியைப் பிய்த்து நூலாக்கும் இந்த முறை 1813-ல் இங்கிலாந்தின் பேட்லி நகரில் பெஞ்சமின் லா என்பவர் தொடங்கியது. வெள்ளம், பூகம்பம் என்றால் நிவாரண அமைப்புகள் பல வருடங்களாக வாங்கிக் கொடுத்த மலிவுக் கம்பளிகளில் பல பானிப்பட்டில் பிறந்தவை. அந்த நூல் தூசி பறக்கும் கூடங்களில் நூற்கப்படுகிறது என்பதும், அந்தத் தூசி தொழிலாளர்களின் நுரையீரலுக்குள் போகிறது என்பதும் மறுசுழற்சி பற்றிய பாராட்டுகளில் விடுபட்டுப்போகிறது.

திருப்பூர் வேறு வகை. அங்கே நூலாக மாறுவது பெரும்பாலும் பனியன் கம்பெனிகளின் வெட்டுக் கழிவு, யாரும் உடுத்தாத துணி. அதுபோக ஒர்க்ஷாப்பில் கைதுடைக்கும் பனியன் வேஸ்ட்டும் அந்த வழியில் வருவதுதான். உடுத்திய துணியைப் பொறுத்தவரை நம் ஊரில் நீண்ட காலமாக இருந்த ஏற்பாடு, பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துத் தெருத்தெருவாக வாங்கிச்செல்லும் வியாபாரிகள். அவர்கள் வீட்டு வாசலிலேயே புடவையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பேரம் பேசுவார்கள். கான்டமான்டோ வியாபாரிக்கு இல்லாத உரிமை அது.

உள்ளூர் நெசவைக் கொன்றது பழைய துணியா?

ஆப்பிரிக்காவின் ஜவுளி ஆலைகள் மூடியதற்குப் பழைய துணிதான் காரணம் என்ற வாதத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. கார்த் ஃபிரேசர் என்ற பொருளாதார ஆய்வாளர் 2008-ல் வெளியிட்ட கட்டுரையில், 1981 முதல் 2000 வரை ஆப்பிரிக்காவில் ஆடை உற்பத்தி விழுந்ததில் சுமார் 40 சதவீதத்தையும், வேலைவாய்ப்பு விழுந்ததில் சுமார் 50 சதவீதத்தையும் பழைய துணி இறக்குமதியைக் கொண்டு விளக்க முடியும் என்று கணக்கிட்டார். கானாவில் எழுபதுகளில் சுமார் 25,000 பேருக்கு வேலை கொடுத்த ஜவுளித் தொழில் 2000 வாக்கில் 5,000 பேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

ஆனால் மீதிப் பாதி? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கடன் கொடுத்த சர்வதேச நிறுவனங்களின் நிபந்தனைப்படி பல நாடுகள் இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டன. நாணய மதிப்பு சரிந்து இயந்திர உதிரிபாகம் வாங்க முடியவில்லை. மின்சாரம் நிலையாக இல்லை. அதற்குப் பிறகு, எந்த நாடு எவ்வளவு ஜவுளி ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்த ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்ததும், அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகளில் சீனாவின் மலிவுப் புதுத்துணியோடு போட்டிபோடுவது இன்னும் கடினமானது. பழைய துணியை மட்டும் நிறுத்தினால் ஆலைகள் தானாகத் திறந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு இந்த வரலாறு இடம் கொடுக்கவில்லை.

தடை போட்டால் என்ன நடக்கும்?

கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற கூட்டமைப்பில் இருந்த நாடுகள் பழைய துணி இறக்குமதியை 2019-க்குள் படிப்படியாக நிறுத்துவதாக 2016-ல் முடிவெடுத்தன. அதன் பின் நடந்தவை வரிசையாக:

1. ருவாண்டா 2016-லேயே வரியைக் கிலோவுக்கு 0.20 டாலரிலிருந்து 2.50 டாலராக உயர்த்தியது.

2. அமெரிக்காவின் பழைய துணி வியாபாரிகள் சங்கம் 2017-ல் தன் அரசிடம் முறையிட்டது. இந்தத் தடையால் அமெரிக்காவில் 40,000 வேலைகள் போகும் என்றது.

3. ஆப்பிரிக்க நாடுகள் தனக்கு வரியில்லாமல் ஏற்றுமதி செய்ய அமெரிக்கா 2000-ல் அகோவா என்ற சட்டத்தை இயற்றியிருந்தது. பழைய துணியைத் தடுத்தால் அந்தச் சலுகை பறிபோகும் என்று அமெரிக்கா எச்சரித்தது. புதுத்துணி தைத்து அமெரிக்காவுக்கு அனுப்பும் கென்யா முதலில் பின்வாங்கியது. தான்சானியாவும் உகாண்டாவும் இறங்கிவந்தன.

4. ருவாண்டா அசையவில்லை. 2018 ஜூலை இறுதியில் அதன் ஆடை ஏற்றுமதிக்கான சலுகையை அமெரிக்கா நிறுத்திவைத்தது.

ஒரு சின்ன நாடு தன் மக்கள் எந்தத் துணி உடுத்தலாம் என்று முடிவெடுத்ததற்கு இந்தத் தண்டனை. இதைச் சுதந்திரச் சந்தை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ருவாண்டாவின் சந்தைகளில் நடந்ததையும் மறைக்கக் கூடாது. பழைய துணி வியாபாரிகள் பலர் பிழைப்பை இழந்தார்கள், அந்த இடத்தைப் பெரும்பாலும் சீனாவின் மலிவுப் புதுத்துணி பிடித்தது, எல்லை வழியாகக் கடத்தலும் நடந்தது.

பிலிப்பைன்ஸில் 1966-லேயே சட்டம் போட்டு வணிகத்துக்காகப் பழைய துணி கொண்டுவருவதைத் தடை செய்தார்கள். ஆனாலும் 'உக்காய் உக்காய்' எனப்படும் பழைய துணிக் கடைகள் அங்கே ஊருக்கு ஊர் வெளிப்படையாக நடக்கின்றன. இந்தோனேசியாவில் தடை இருக்கிறது, 2023-ல் அரசு பேல்களைப் பிடித்து எரித்துக் காட்டியது, சரக்கு இன்னும் வருகிறது. தடை இருக்கும் இடத்தில் கள்ளச் சரக்கு வரும்போது, வாங்குபவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச பேரம் பேசும் பலமும் போய்விடுகிறது என்பதுதான் கவலை. கள்ளச் சரக்கில் கறை இருந்தால் போலீசிடமா போக முடியும்?

கழிவு எவ்வளவு என்பதில் ஏன் சண்டை?

அக்ராவில் வேலை செய்யும் ஓஆர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கணக்குப்படி, கான்டமான்டோவுக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 1.5 கோடி உருப்படிகள் வருகின்றன. அதில் சுமார் 40 சதவீதம் கழிவாக வெளியேறுகிறது. கானாவின் பழைய துணி இறக்குமதியாளர்கள் சங்கம் இதை மறுக்கிறது. ஐந்து சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும் என்கிறது.

இவ்வளவு வித்தியாசம் வரக் காரணம், இருவரும் அளக்கும் இடம் வேறு. பேலை அவிழ்த்த அந்த நிமிடத்தில் எது கந்தல் என்று பார்த்தால் எண் சிறிது. வாரக்கணக்கில் விற்காமல் கிடந்து, மழையில் நனைந்து, கடைசியில் சந்தையிலிருந்து குப்பை வண்டியில் போவதையும் சேர்த்தால் எண் பெரிது. இறக்குமதியாளருக்கு முதல் கணக்கு போதும். பேலை விற்றதோடு அவர் வேலை முடிந்தது. குப்பை அள்ளும் மாநகராட்சிக்கும், அக்ரா கடலில் வலைபோடும் மீனவருக்கும் இரண்டாவது கணக்குதான் கணக்கு. நான் இரண்டாவது கணக்கின் பக்கம்தான் நிற்பேன். சதவீதத்தில் பிசகு இருக்கலாம், அளக்க வேண்டிய இடம் அதுதான்.

துணி இல்லாதவருக்கு எந்தத் துணியும் உதவும் என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதை நாமே 2004 சுனாமிக்குப் பிறகு பார்த்தோம். நாகப்பட்டினம் பகுதியில் வழிநெடுக லாரி லாரியாக இறக்கிய பழைய துணி யாரும் எடுக்காமல் சாலையோரம் கிடந்து நனைந்தது. கொடுத்தவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனால் பிரிக்காத துணி என்பது பெறுபவருக்கு ஒரு வேலை, எடுத்துப்போட ஆள் கூலி.

அட்டகாமா குவியலின் காரணம் வேறு. லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவும் பழைய துணியைத் தடுத்திருக்க, சிலி அனுமதிக்கிறது. இக்கிக்கே துறைமுகத்தில் வரியில்லா மண்டலம் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு சுமார் 59,000 டன் இறங்குவதாகவும், அதில் 39,000 டன் வரை விற்காமல் பாலைவனக் குப்பைக்குப் போவதாகவும் 2021-ல் செய்தி வந்தது. மண்டலத்துக்குள் பிரித்து, நல்லதை உள்நாட்டுக்கும் பக்கத்து நாடுகளுக்கும் விற்கிறார்கள். மிச்சத்தை வரி கட்டி வெளியே கொண்டுபோகவும் யாரும் தயாரில்லை, திருப்பி அனுப்பவும் தயாரில்லை. குப்பைக்கிடங்குகளும் துணியை ஏற்பதில்லை. பக்கத்தில் ஆல்டோ ஓஸ்பிசியோ நகரை ஒட்டி வெட்டவெளி. 2022-ல் அந்தக் குவியலில் பெரிய தீப்பிடித்தது. பாலியஸ்டர் எரிந்த புகையைச் சுவாசித்தவர்கள் அந்த நகரின் ஏழைக் குடியிருப்புவாசிகள்.

இப்போது மாறிவரும் விதிகள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி 1 முதல் துணிக்கழிவைத் தனியாகச் சேகரிப்பது கட்டாயம். இதன் உடனடி விளைவு, தரம் குறைந்த துணியும் பெட்டிக்கு வர ஆரம்பித்ததுதான். முன்பு வீட்டுக் குப்பையோடு போன கந்தல் இப்போது தரம்பிரிப்பு ஆலைக்கு வருகிறது. பிரிக்கும் செலவு ஏறுகிறது, விற்கக் கிடைக்கும் கிரீம் ஏறவில்லை.

ஒன்றியத்தின் புதிய கழிவு ஏற்றுமதி விதிகளில் இன்னொரு திருப்பம் உண்டு. கழிவு என்று வகைப்படுத்திய துணியை, அதை ஏற்றுக் கையாள முடியும் என்று ஒப்புதல் தந்து பட்டியலில் இடம்பெறாத வளரும் நாடுகளுக்கு 2027 மே முதல் அனுப்ப முடியாது. அப்படியானால் ஒரு பேல் கழிவா, மறுபயன்பாட்டுச் சரக்கா என்பதை ஏற்றுமதி ஆகும் இடத்திலேயே நிரூபிக்க வேண்டிவரும். 6309 கேட்காத தரக் கேள்வியை இந்த விதி கேட்கிறது. நேர்மையாக நடைமுறைப்படுத்தினால், தரம்பிரிக்காத சரக்கை 'உடை' என்று எழுதி அனுப்புவது கஷ்டமாகும். பிரான்ஸ், ஸ்வீடன், டென்மார்க் மூன்றும் 2024-ல் இதையே உலக அளவில், கழிவுகள் நாடு கடப்பதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கைக்குள் கொண்டுவர வேண்டும் என்று கோரின.

அடுத்தது கட்டணம். துணி தயாரித்து விற்கும் கம்பெனியே அதன் கழிவுச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற சட்டம் பிரான்ஸில் 2007 முதல் இருக்கிறது. விற்கும் ஒவ்வோர் உருப்படிக்கும் சிறு தொகை ஒரு பொது நிதிக்குப் போகும். அந்த நிதியில் சேகரிப்பும் பிரிப்பும் நடக்கும். கலிஃபோர்னியா 2024-ல் இத்தகைய சட்டத்தை இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2025-ல் தன் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் இதைக் கட்டாயமாக்கி, ஏற்பாடு செய்துகொள்ள 30 மாதம் அவகாசம் தந்திருக்கிறது.

கான்டமான்டோ வியாபாரிகளின் தரப்பிலிருந்து எழும் கோரிக்கை இந்த நிதியைப் பற்றியதுதான். பாரிஸில் விற்ற சட்டைக்குக் கட்டிய கட்டணம் பாரிஸிலேயே நிற்கிறது. அந்தச் சட்டை கடைசியில் குப்பையாவது அக்ராவில், அள்ளும் செலவு அக்ரா மாநகராட்சிக்கு. ஆகவே துணி எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டுக்கு நிதியிலும் ஒரு பங்கு வர வேண்டும் என்கிறார்கள். இதோடு சேர்த்து, பேலின் மேல் உள்ளே இருப்பதன் எண்ணிக்கையும் தரமும் எழுதியிருக்க வேண்டும், எழுதியதற்கு மாறாக இருந்தால் ஏற்றுமதியாளரிடம் நஷ்டஈடு கேட்க வழி வேண்டும் என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன். இந்தச் சட்டங்களை இனி எழுதப்போகும் நாடுகள் இந்த இரண்டையும் இப்போதே உள்ளே வைக்கலாம். அதற்குத் தனி உடன்படிக்கையோ புதுத் தொழில்நுட்பமோ தேவையில்லை.